கிடைக்காத நான்கு நொடிகள்

திரையில் வந்து நின்ற எண்ணை வான்மதி முதலில் நம்பவில்லை. எங்கோ இரண்டு தடவை கூட்டிவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே எண்தான் வந்தது. இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்துச் சொச்சம். அவள் சில நூறு வரும் என்று நினைத்திருந்தாள்.

அந்த வருடங்களில் நர்சுகள், பஸ் ஓட்டுநர்கள், லிஃப்ட் மெக்கானிக்குகள் எல்லோரும் வேலை நேரத்தில் பணிக்கண்ணாடி போட்டுக்கொள்வது கட்டாயமாகியிருந்தது. போட்டிருப்பவர் பார்ப்பதும் கேட்பதும் இரண்டிரண்டு நொடித் துண்டுகளாகப் பதிவாகி எங்கோ ஒரு சர்வரில் போய்ச் சேரும். கண்ணாடி செய்பவர்கள் வேறு, சர்வர் வைத்திருப்பவர்கள் வேறு. வான்மதி வேலை பார்த்த கோயம்புத்தூர் கம்பெனி அந்தப் பதிவுகளைப் பார்க்கும் பக்கத்தை மட்டும் செய்து கொடுத்தது. பிரவுசரில் திறந்தால் போதும். அந்தப் பக்கம் சர்வரிடம் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கி, ஒட்டுத் தெரியாமல் சேர்த்து ஓட்டிக் காட்டும்.

ஆரம்பத்தில் ஒரு துண்டு கிடைக்காவிட்டால் எல்லாம் நின்றுபோகும். ‘கோப்பு இல்லை’ என்று ஒரு சிவப்பு வரி வரும். ஆஸ்பத்திரிகளிலிருந்து தினமும் போன் வந்தது, பாதியில் நிற்கிறது, பாதியில் நிற்கிறது என்று. எப்படியாவது நிற்காமல் ஓட வை என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். வான்மதிதான் அதைச் செய்தாள். ஜாவாஸ்கிரிப்டில் பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுதும் இடத்தில் இருபத்திரண்டு வரி எழுதினாள். துண்டு கிடைக்கவில்லையா, முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் பார், நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து வரைந்து போட்டுவிடு. அவ்வளவுதான். அழகாக வேலை செய்தது. ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

அது நடந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் அந்த இருபத்திரண்டு வரி எத்தனை தடவை வேலை செய்தது என்று எண்ணிப் பார்க்கத்தான் அவள் உட்கார்ந்தாள்.

டீ எடுத்துக்கொண்டு வந்து பட்டியலைப் பிரித்தாள். பெரும்பாலானவை பயிற்சிக்காகப் பார்த்த பதிவுகள். நடுவில் நாலு நொடி ஊகமாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ‘எதற்காகப் பார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் நாற்பத்து மூன்று பதிவுகளுக்கு ‘விசாரணை’ என்று இருந்தது. பதிவுகளை விசாரணைக்குக் காட்டுவார்கள் என்பதே அவள் எழுதிய காலத்தில் யோசனையில் இல்லாத விஷயம்.

முதலாவதைத் திறந்தாள். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நர்ஸ் ஜெயசீலி, வயது நாற்பத்தொன்று. பதினாலாம் படுக்கை, சூசையப்பன் என்கிற மீனவர், வயது அறுபத்தெட்டு. தட்டில் இரண்டு ஊசிகள் நிரப்பி வைத்திருந்தது. நீலச் சீட்டு ஒட்டியது வாந்தி நிற்பதற்கு, அவருக்குரியது. சிவப்புச் சீட்டு ஒட்டியது பக்கத்துப் படுக்கைக்காரரின் டிரிப்ஸ் பாட்டிலில் கலக்க வேண்டிய உப்பு மருந்து. அதை நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சூசையப்பனின் இதயம் நின்றது. ஏற்கெனவே பலவீனமான இதயம். இறந்த பிறகு ரத்தத்தில் அந்த உப்பு தானாகவே கூடிவிடுவதால் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. காப்பாற்ற ஓடி வந்தவர்களின் கை பட்டுத் தட்டு கவிழ்ந்து ஊசிகள் குப்பையோடு போய்விட்டன. ஆகவே எல்லாவற்றையும் கண்ணாடிப் பதிவுதான் தீர்மானித்தது. பதிவில் ஜெயசீலியின் கை சிவப்புச் சீட்டு ஊசியை எடுத்தது. “ஊசி எடுக்கும் நேரத்தில் செவிலியர் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததும் பதிவில் கேட்கிறது” என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. நர்ஸ் வேலை பார்க்கும் உரிமத்தை ரத்து செய்திருந்தார்கள். இரண்டு வருடம் ஆகிறது.

வான்மதி அந்தப் பதிவை ஓட்டினாள். எந்தத் துண்டு வரைந்தது என்பதைத் தனியே காட்டச் சொல்லி ஓட்டினாள். கை தட்டுக்கு மேலே வருவது நிஜம். உள்ளங்கைக்குள் ஊசியோடு கை நோயாளியிடம் போவதும் நிஜம், ஆனால் அதில் சீட்டு தெரியவில்லை. நடுவில் சிவப்பை எடுக்கும் அந்த நான்கு நொடி, இரண்டு துண்டுகள், எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. அவளுடைய இருபத்திரண்டு வரி வரைந்தது. முன்னால் இரண்டு ஊசிகள். பின்னால் ஒருவர் துடிக்கிறார். அப்படியானால் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அது முடிவு செய்திருக்கிறது.

ஊகமாக வரைந்த இடங்களைச் சுற்றி ஒரு மஞ்சள் ஓரம் வர வேண்டும் என்று அவள்தான் முதலில் வைத்திருந்தாள். பிறகு வடிவமைப்புப் பிரிவிலிருந்த பிரபாகர் அதை எடுக்கச் சொன்னதும், அவள் வேண்டாம் என்று சண்டை போட்டதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அதை ஒரு கதையாகவே சொல்லியிருக்கிறாள். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு சர்வரில் இருக்கும். தேடிப் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பது. மாற்றியவர்: வான்மதி. பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பு: “மஞ்சள் ஓரம் கண்ணை உறுத்துகிறது. எடுத்தாயிற்று.” தேதியைச் சரிபார்த்தாள். பிரபாகர் வேலைக்குச் சேர்ந்ததே அதற்கு ஐந்து மாதம் கழித்து.

அவள் வெகுநேரம் அந்தக் குறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தீனதயாளனின் அறைக்குப் போனாள். கம்பெனி அவருடையது. கோபப்படுகிற ஆள் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி முடிஞ்சு போன விசயமுங்க, வான்மதி.”

“முடிஞ்சது நமக்குத்தானுங்க சார்.”

“இது வெளிய போச்சுன்னா என்ன ஆகும்னு நெனச்சுப் பாத்தீங்களா? நல்லா இருக்கற பதிவையும் சேத்துச் சந்தேகப்படுவாங்க. தப்புப் பண்ணுனவனும் நான் பண்ணல, கம்ப்யூட்டர் வரஞ்சதும்பான். எங்கம்மாவுக்கு வேற குரூப் ரத்தத்தை ஏத்தப் போனப்ப, இந்தக் கண்ணாடில பாத்துத்தான் நிறுத்துனாங்க. அன்னைக்கு இது இல்லீன்னா அம்மா இல்ல. நான் இத வெறும் வியாபாரமா நெனச்சு நடத்தல.”

“தெரியுமுங்க சார். ஆனா அந்தம்மாவுக்கு யாராவது சொல்லணுமில்லீங்களா?”

அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். “நான் போங்கன்னும் சொல்லல, போகாதீங்கன்னும் சொல்லல. லீவு எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வான்மதி தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டின் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜெயசீலி முந்திரி ஆலையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கொட்டையின் ஓட்டை உடைக்கும்போது வடிகிற எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகாத கறுப்பு. கணவர் கேரளாவில் கொத்தனார் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

“கண்ணாடிக் கம்பெனில இருந்தா வாறிய?” என்றார் ஜெயசீலி. “எல்லாம் முடிஞ்சுல்லா போச்சு. இன்னும் கையெழுத்து கிடக்கா?”

“கையெழுத்து ஒண்ணும் வேண்டாங்க சிஸ்டர். ஒரு விசயம் சொல்லணும்.”

எப்படிச் சொல்வது என்று ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தாள். யோசித்தது எதுவும் இப்போது வாயில் வரவில்லை.

“வார்டுல நாலு மணிக்கு ஒருத்தருக்கு பிபி எடுக்க விட்டுப்போச்சுன்னு வெச்சுக்கங்க. ரெண்டு மணிக்கு நூத்தி இருபது இருக்கு. ஆறு மணிக்கும் நூத்தி இருபது இருக்கு. நாலு மணிக் கட்டத்துல நூத்தி இருபதுன்னு எழுதிட்டா?”

“அது பொய்ச் சார்ட்டு. வேலைக்குச் சேர்ந்த மொத நாளே சொல்லித் தருவாவ, வெறுமனே விடு, எழுதாதேன்னு.”

“அந்தப் பொய்யைத்தான் நான் எழுதினேன். உங்க பதிவுல நாலு நொடி கிடைக்கல. கிடைக்கலன்னு சொல்றதுக்குப் பதிலா என் புரோகிராம் ஊகிச்சு வரைஞ்சுடுச்சு. நீங்க சிவப்பு ஊசிய எடுக்கறது அந்த நாலு நொடிலதான் இருக்கு. அது உங்க கண்ணு பாத்ததில்ல. வரைஞ்ச இடம்னு காட்ட ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அதையும் நான்தான் எடுத்தேன். இத்தன நாளா வேற ஒருத்தர் எடுத்தார்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

ஜெயசீலி உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வான்மதிக்குக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“மொதல்ல நானும் நீலத்தத்தான் எடுத்தேன்னு சொன்னேன்” என்றார். “மூணு நாளு சொன்னேன். பெறவு படத்தப் போட்டுக் காட்டினாவ. எனக்க கையி. பெருவிரல்ல உள்ள மச்சம் வரைக்கும் தெரியுது. அது சிவப்ப எடுக்குது. கண்ணால பாத்த பெறவு என்னத்தச் சொல்ல? எடுத்துட்டேன்னு எழுதிக் கொடுத்தேன். இப்ப நீங்க வந்து அது நெசமில்லன்னு சொல்லுதிய. ஆனா எனக்கு ஞாபகம் இருக்கே. கண்ண மூடினா சிவப்புதான் தெரியுது. எடுத்தப்ப கையில பட்ட குளிர்ச்சி கூட ஞாபகம் இருக்கு.”

“அதுக்கு முன்னாடி, படம் பாக்கறதுக்கு முன்னாடி, உங்களுக்கு என்ன ஞாபகம் இருந்துச்சு?”

“அதத்தான் நானும் தேடிப் பாக்கேன்” என்றார் ஜெயசீலி. “நீலம்னு சொன்னது ஞாபகம் இருக்கு. நீலத்தப் பாத்தது ஞாபகம் இல்ல.”

இதை வான்மதி எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு பாரத்தை இறக்கிவைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட்ட நான்கு நொடியை இனி எந்த மாற்றம் செய்து எடுப்பது?

“அந்தத் துண்டு ஏன் கிடைக்காம போச்சு?” என்று ஜெயசீலியே கேட்டார். “கண்ணாடி கேடாகியா?”

“தெரியலைங்க. சர்வர்ல இல்லைன்னு வருது.”

“பதினாலாம் பெட்டு மூலையிலுள்ள பெட்டு. அங்க போனா கண்ணாடி எப்பவும் ஒருக்கா பீப்புன்னு சத்தம் போடும். ஒரு பெட்டிய விட்டு மற்றப் பெட்டிக்கு மாறுதுன்னு மெயின்டனன்ஸ் பையன் சொன்னான். அந்த மூலைல ஒரு பழைய பெட்டி இருந்துச்சு. புதுசு மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தாவ.”

கண்ணாடியிலிருந்து துண்டுகளை வாங்கி சர்வருக்கு அனுப்புவது வார்டுகளில் மாட்டியிருக்கும் அந்தச் சின்னப் பெட்டிகள்தான். துண்டுக்குப் பெயர் வைப்பதும் அவைதான். வான்மதி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். பழைய பெட்டிகள் பெயரின் முதல் எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் வைக்கும் என்று எங்கோ ஒரு பழைய கையேட்டில் படித்தது அவளுக்கு மங்கலாக ஞாபகம் வந்தது. முன்பிருந்த சர்வருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். மூன்று வருடத்துக்கு முன் மாற்றிய சர்வருக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள்.

“சிஸ்டர், அது உங்க பதிவு. பாக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. இங்கயே தேடிப் பாக்கட்டுங்களா?”

ஜெயசீலி தலையை ஆட்டினார்.

மடிக்கணினியைத் திறந்து, அந்த இரண்டு துண்டுகளின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் பெரியதாக மாற்றி சர்வரிடம் கேட்டாள். இல்லை என்ற பதில் வரவில்லை. ஒரு கோப்பு வந்தது. அடுத்ததும் வந்தது. இரண்டு வருடமாக அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. அந்தப் பெயரில் யாரும் கேட்கவில்லை.

“நான் மொதல்ல பாத்துட்டுச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள் வான்மதி.

“வேண்டாம். என்ன இருந்தாலும் சேந்தே பாப்போம்.”

படம் ஓடியது. ஊசிகளும் தட்டும் அதில் இல்லை. ஒரு முகம் இருந்தது. வெயிலில் காய்ந்து சுருங்கிய, வெள்ளைத் தாடி முளைத்த முகம். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கண் நேராகப் பார்த்தது. உதடு அசைந்தது. “மோள் வந்தாளா?” என்று மகளைக் கேட்டார் அவர். அவ்வளவுதான். நான்கு நொடி முடிந்துவிட்டது.

ஏற்கெனவே கிடைத்திருந்த அடுத்த துண்டு அதோடு சேர்ந்து தானாக ஓடியது. ஜெயசீலியின் குரல், “இப்ப வந்துருவாவ” என்றது. யாருடனோ பேசிக்கொண்டிருந்தார் என்று அறிக்கையில் எழுதிய பேச்சு அதுதான்.

ஜெயசீலி கறுத்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டார். “இவரு என்கிட்ட கேட்டாரே” என்றார். “இது எப்படி எனக்கு மறந்துச்சு?”

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். ஓட்டினாள்.

“கையி எங்க?”

“கை தெரியலைங்க. நீங்க அவர் முகத்தைப் பாத்துட்டு இருந்திருக்கீங்க.”

“அப்ப நான் எத எடுத்தேன்?”

“தெரியாதுங்க.”

“இனி தெரியவும் செய்யாது. இல்லியா?”

“தெரியாதுங்க அக்கா” என்றாள் வான்மதி. சிஸ்டர் என்பது எப்போது அக்காவாக மாறியது என்று அவள் கவனிக்கவில்லை.

ஜெயசீலி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் உடையவில்லை. “ஊசியப் போடும்முன்ன சீட்டப் படிக்கணும். முகத்தப் பாத்துட்டே எடுத்திருக்கேன், சீட்டப் பாக்கல. அதுவும் இதுல தெரியுதுல்லா? அதையும் சேத்தே சொல்லுங்க. பாதிய மட்டும் சொல்லாதிய.”

கோயம்புத்தூர் திரும்பியதும் வான்மதி அந்தத் துண்டுகளைத் தீனதயாளனுக்குப் போட்டுக் காட்டினாள். அவர் ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு நாற்பத்து மூன்று விசாரணைகளுக்கும் கடிதம் தயாரிக்கச் சொன்னார். “கையெழுத்து நான் போடறேன். நீங்க போட வேண்டாம்” என்றார். அவளும் போட்டாள்.

பார்க்கும் பக்கத்தையும் மாற்றினார்கள். இருபத்திரண்டு வரியை எடுத்துவிட்டு, முதலில் பெரிய எழுத்துப் பெயரிலும் கேட்டுப் பார்க்க வைத்தாள். அப்படியும் கிடைக்காத இடத்தில் ஒரு சாம்பல் நிறத் திரை வரும். “இந்தப் பகுதி கிடைக்கவில்லை” என்று எழுதியிருக்கும். எத்தனை நொடி என்றும் போட்டிருக்கும். மூன்று ஆஸ்பத்திரிகள் இது பார்க்க நன்றாக இல்லை என்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டன. நாற்பத்து மூன்றில் இருபத்தொன்பது விசாரணைகளுக்கு நிஜத் துண்டுகள் கிடைத்தன. பதினோரு இடங்களில் ஊகம் சரியாகவே இருந்தது. வான்மதிக்கு அதுதான் மற்றவற்றைவிடக் கலக்கமாக இருந்தது. மொத்தமாகத் தப்பென்றிருந்தால் யாராவது முன்பே கண்டுபிடித்திருப்பார்கள்.

ஜெயசீலியின் வழக்கு மறுபடி சென்னையில் விசாரணைக்கு வந்தது. ஐந்து பேர் கொண்ட குழு. வான்மதி போய் நடந்ததைச் சொன்னாள். மஞ்சள் ஓரத்தை எடுத்தது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றாள்.

குழுவின் தலைவர், நரைத்த கொண்டை போட்ட ஒரு அம்மாள், ஜெயசீலியிடம் கேட்டார். “நீங்கள் எடுத்தது எந்த ஊசி என்று இப்போது சொல்ல முடியுமா?”

“முடியாதும்மா. மனசுல செவப்பு நிக்குது. அது எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப தெரியும். அதுக்கு முன்ன இருந்தது போச்சு. தெரியாதுன்னுதான் எழுதணும்.”

“சீட்டைப் படித்தீர்களா?”

“படிக்கல. அது பதிவுல இருக்கு. அதுக்கு என்ன தண்டனையோ தாங்க.”

குழு தனியே போய்ப் பேசிவிட்டு வந்தது. மரணத்துக்கு அவர்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. சீட்டைப் படிக்காததற்கு எச்சரிக்கை. உரிமம் திரும்பக் கிடைக்கும். முடிப்பதற்கு முன்னால் தலைவர், இறந்தவரின் மகள் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்.

பின்வரிசையில் ஆக்னஸ் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், மீன்வலை செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். பழைய விசாரணைக்கு ஒரு நாள் கூடத் தவறாமல் வந்தவள் அவள்தான் என்று ஜெயசீலியின் வக்கீல் சொல்லியிருந்தார். எழுந்து நின்றாள்.

“அந்தப் புதுத் துண்ட இன்னொரு தடவ போடுவியளா?” என்றாள்.

போட்டார்கள். “இன்னொருக்கா” என்றாள். மறுபடியும் போட்டார்கள். “எனக்கு வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்ல” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வராந்தாவில் ஜெயசீலி அவளுக்காகக் காத்து நின்றார். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். வான்மதி விலகிப் போகப் பார்த்தாள், அதற்குள் ஆக்னஸ் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“பத்து நிமிசத்துல வாறேன்னு அப்பாட்ட சொல்லிட்டு கேன்டீனுக்குப் போனேன். அங்க கூடப் படிச்ச பழைய கூட்டுக்காரி ஒருத்தியப் பாத்தேன். பேசிட்டே இருந்தேன். வந்து பாத்தா கட்டிலச் சுத்தி ஆளுவ. நான் போயி நாப்பது நிமிசம் ஆயிருந்துச்சு. அத யார்ட்டயும் சொன்னதில்ல. நீங்க செவப்பு ஊசி எடுத்தத நெனச்சா அந்த நாப்பது நிமிசம் நெனப்புல வராது. அதுக்காகவே உங்கள நெனச்சிட்டிருந்தேன், ரெண்டு வருசம்.”

ஜெயசீலி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வந்துருவாவன்னு சொன்னேன்” என்றார். “அவரு அத நம்பித்தான் கண்ண மூடினாரு.”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி இருவரும் சேர்ந்தே கேட்வரை நடந்துபோனார்கள். பாதி வழியில் ஆக்னஸ் மட்டும் திரும்பி வந்தாள்.

“அந்தத் துண்டு எனக்குக் கிடைக்குமா?”

கோப்பை வெளியே கொடுக்க விதி இல்லை. குடும்பத்தார் பிரவுசரில் திறந்து பார்க்க ஒரு இணைப்பு கொடுக்கலாம். வான்மதி அங்கேயே நின்றுகொண்டு அவள் போனுக்கு அனுப்பிவைத்தாள்.

ஜெயசீலி மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த அன்று போன் செய்தார். ஊசி போடுமுன் சீட்டைச் சத்தமாகப் படிக்கிறேன், நோயாளிகள் சிரிக்கிறார்கள் என்றார். சிவப்பு இன்னும் வருகிறதா என்று வான்மதி கேட்டாள். “வரும். வந்துட்டுப் போகும்” என்றார்.

எந்த இணைப்பை யார் எப்போது திறந்தார்கள் என்பது சர்வரில் பதிவாகும். வான்மதி அதை வேண்டுமென்று தேடிப் பார்க்கவில்லை. வேறு எதையோ பார்க்கும்போது கண்ணில் பட்டது. ஆக்னஸின் இணைப்பு தினமும் காலை ஆறரைக்கு ஒரு தடவை திறந்திருந்தது. வேலைக்குப் போகுமுன் பார்ப்பாள் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு மணிக்கு. நாலு மாதம் ஒரு நாள் கூட விடவில்லை.

ஐந்தாவது மாதம் சர்வர்காரர்கள் பழைய பதிவுகளையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மாற்றியதை யாருக்கும் சொல்லவில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு, ஆபீசில் பையைக் கூட வைக்காத நேரத்தில், வான்மதிக்கு போன் வந்தது.

“நான் ஆக்னஸ் பேசுதேன். சூசையப்பன் மோள்.”

“சொல்லுங்க.”

“அந்தத் துண்டுல ஏதோ சாம்பலா வருது. இந்தப் பகுதி கிடைக்கவில்லைன்னு போட்டிருக்கு.”

வான்மதி உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். என்ன நடந்திருக்கும் என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. “கோப்பு பத்திரமா இருக்குதுங்க. இடம் மாத்திட்டாங்க. நான் வழியைச் சரி பண்ணிக் குடுத்துடறேன்.”

“இருக்கட்டும், மெதுவா பண்ணுங்க” என்றாள் ஆக்னஸ். அவள் குரலில் பதற்றம் எதுவும் இல்லை. பின்னால் வலை நெய்யும் இயந்திரங்களின் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. “எனக்கு அது மனப்பாடம். அப்பா ஆக்னஸ் வந்தாளான்னு கேட்டுட்டு லேசா ஒரு சிரிப்பு சிரிப்பாவல்லா, அத நெனச்சாலே போதும். நாளு நல்லா போகுது.”

வான்மதி அந்த நான்கு நொடியை ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள். விசாரணைக்காக நூறு படங்களாகப் பிரித்து அச்செடுத்துக் கொடுத்ததும் அவள்தான். சூசையப்பன் ‘மோள்’ என்றுதான் சொன்னார், பெயர் சொல்லவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை.

“கேக்குதா?” என்றாள் ஆக்னஸ்.

“கேக்குதுங்க” என்றாள் வான்மதி. அவர் சிரிக்கவில்லை என்று வாயில் வந்ததைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். “சாயங்காலத்துக்குள்ள சரி ஆயிரும். அப்புறம் எப்ப வேணும்னாலும் நீங்க திறந்து பாத்துக்கலாம்.”

“சரி. வெச்சிருதேன்.”

சாயங்காலம் வரை ஆகவில்லை. அரைமணி நேரத்தில் புதிய இடத்தைக் கண்டுபிடித்து, வழியை மாற்றி, ஒரு தடவை திறந்து பார்த்தாள். முகம் வந்தது. கேள்வி வந்தது. எல்லாம் இருந்தபடியே இருந்தது. இணைப்பு வேலை செய்கிறது என்று ஆக்னஸுக்கு ஒரு வரி அனுப்பினாள். நன்றி என்று பதில் வந்தது.

மறுநாள் ஆறரைக்கு அந்த இணைப்பை யாரும் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் வான்மதி காலையில் வந்ததும் யார் திறந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள்.